பலாலியிலிருந்து ரொறன்ரோ: தூரத்தை எந்த வழியில் கணக்கிடுவது?

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து கனடாவின் ரொறன்ரோ எத்தனை கிலோமீற்றர்? 13,725 என்பார் ஒருவர். 14,298 என்பார் இன்னொருவர். சுவரில் தொங்கும் உலகப்படத்தில் இரண்டு புள்ளியையும் ஒரே கோட்டால் இணைத்து அந்தக் கோட்டின் நீளத்தைக் கண்டவருக்கு 16,000க்குக் கிட்ட வரும். பள்ளிக்கூடத்தில் படித்த பைதகரசை அப்படியே பிரயோகித்தவர் 18,000ஐத் தாண்டிவிடுவார். முதல் இரண்டும் சரியான விடைகள், ஆனால் இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கானவை. மற்ற இரண்டும் பிழை.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி சும்மா எழுவதில்லை. வீட்டுக்கு ஒருவராவது கனடாவிலோ, சுவிஸிலோ, பரிஸிலோ, லண்டனிலோ, சிட்னியிலோ இருக்கிறார்கள். ரிக்கற் எடுக்கும்போது எந்த வழி கிட்ட என்று பார்க்கிறோம். பிள்ளைகள் புவியியல் செயற்றிட்டத்துக்குக் கேட்கிறார்கள். பல்கலைக்கழக மாணவர் பயணத்தின் காபன் அளவைக் கணக்கிட வேண்டியிருக்கிறது. விமானம் தாமதித்தவர் இழப்பீட்டுக்கு எந்தத் தூரத்தைக் காட்டுவது என்று கேட்கிறார். இவர்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து அனுப்புவது நியாயமில்லை. எது எதற்குப் பொருந்தும் என்று என் கணிப்போடு இங்கே எழுதுகிறேன். கீழே வரும் தூரங்கள், வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில், பூமியை 6,371 கிலோமீற்றர் ஆரையுள்ள கோளமாக எடுத்துக் கணித்தவை.

முதலில் கைவிட வேண்டியது தட்டையான தேசப்படம். நாங்கள் அதிகம் காணும் உலகப்படம் மேர்க்கேற்றர் என்ற படவரைஞர் 1569இல் வெளியிட்ட எறியத்தின் (உருண்டையைத் தட்டைத் தாளில் விரிக்கும் முறையின்) வழிவந்தது. கப்பலோட்டிக்கு அது பெரும் உதவி: படத்தில் நேர்கோடு கீறினால் அதுவே திசைகாட்டியில் மாறாத ஒரே திசை. ஆனால் மாறாத திசையில் போவது குறுகிய வழியில் போவது அல்ல. பலாலியையும் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தையும் அந்தப் படத்தில் நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு அரபுக்கடலைக் கடந்து, அரேபியாவின் குறுக்கே, சகாரா பாலைவனத்தின் மேலால், அத்திலாந்திக்கைத் தாண்டிப் போகும். அந்த வழியின் உண்மை நீளம் சுமார் 15,956 கிலோமீற்றர். மிகக் குறுகிய வழியோ 13,725. இடையில் 2,200 கிலோமீற்றருக்கு மேல் வித்தியாசம். அடிமட்டத்தால் அளந்து படத்தின் அளவுத்திட்டத்தால் பெருக்குபவருக்கு இதைவிட மோசமான விடையும் வரலாம், ஏனென்றால் அந்தப் படத்தில் அளவுத்திட்டம் வடக்கே போகப் போக மாறிக்கொண்டே இருக்கிறது.

பைதகரசின் கதையும் இதுதான். அகலாங்கு வித்தியாசத்தையும் நெட்டாங்கு வித்தியாசத்தையும் வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் கண்டு, பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று பெருக்கினால் பலாலி–ரொறன்ரோ 18,100க்கு மேல் வரும். இதே முறையைப் பலாலி–சென்னைக்குப் பயன்படுத்தினால் 356 வரும், கோள முறையும் அதே 356ஐத்தான் தரும். அண்மைத் தூரத்தில், அதுவும் மத்தியகோட்டுக்குக் கிட்ட, வடக்குத் தெற்காக அளக்கும்போது பிழை வெளியே தெரிவதில்லை. அதனால்தான் இந்த முறை ஆபத்தானது. சென்னைக்குச் சரிவந்ததே என்ற நம்பிக்கையில் கனடாவுக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். நெட்டாங்குக் கோடுகள் துருவத்தை நோக்கி ஒன்றுசேர்கின்றன. ரொறன்ரோவின் அகலாங்கில் நெட்டாங்கின் ஒரு பாகை எங்கள் ஊரில் உள்ளதன் முக்கால்வாசிக்கும் குறைவு.

பூகோள உருண்டையும் நூலும் வேறு கதை. இந்த முறையை இப்போது யாரும் மதிப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. பாடசாலைப் புவியியல் அறையில் உள்ள 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருண்டையை எடுங்கள். அதன் சுற்றளவு 94.2 சென்ரிமீற்றர், பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,030 கிலோமீற்றர். ஆகவே நூலில் ஒரு சென்ரிமீற்றர் என்றால் 425 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் நூலின் ஒரு நுனியை அழுத்தி, ரொறன்ரோ வரை இறுக்கி இழுத்தால் 32.3 சென்ரிமீற்றர் வரும். இரண்டு மில்லிமீற்றர் பிசகினாலும் 85 கிலோமீற்றர்தான் பிழை, அதாவது ஒரு வீதத்துக்கும் குறைவு. தேசப்படத்தில் கவனமாக அளந்தவரைவிட இந்த நூல் பிடித்த பிள்ளை எத்தனையோ மடங்கு சரியாக இருக்கும்.

அதோடு அந்த நூல் போகும் பாதையைப் பார்க்க வேண்டும். மேற்கே போக வேண்டிய நூல் கிட்டத்தட்ட நேர் வடக்கே கிளம்பும், வடக்கிலிருந்து பதினேழரைப் பாகை மட்டும் மேற்காகச் சாய்ந்து. இந்தியாவைக் கடந்து, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், மத்திய ஆசியா, கசகஸ்தான், ரஷ்யா என்று ஏறி, வட அகலாங்கு 73 பாகைக்குச் சற்றுக் கீழே, நோர்வேயின் யான் மாயென் தீவுக்கும் வடக்கே உச்சியைத் தொட்டு, கிறீன்லாந்தின் மேலால் இறங்கி, லாப்ரடோர் வழியாகக் கனடாவுக்குள் நுழையும். யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்குக் குறுகிய வழி ஆர்க்டிக் வட்டத்துக்குள்ளால் போகிறது என்பதை ஒரு பிள்ளைக்கு எந்தச் சூத்திரத்தாலும் இவ்வளவு தெளிவாகக் காட்டிவிட முடியாது. பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு என் முதல் பரிந்துரை இதுதான்: நூலால் அளந்து, பிறகு சூத்திரத்தால் சரிபார்க்கட்டும்.

அந்த இறுக்கிய நூலின் பாதைதான் பெருவட்டம். பூமியின் மையத்தினூடாக வெட்டும் தளம் மேற்பரப்பில் கீறும் வட்டம் அது. அதன் மீதான தூரத்தைக் கணிக்க உயர்தரக் கணிதம்கூட வேண்டாம். சைன், கோசைன் உள்ள கைத்தொலைபேசிக் கணிப்பான் போதும்.

பலாலி விமான நிலையம் வடக்கு 9.7923, கிழக்கு 80.0701 பாகையில் இருக்கிறது. பியர்சன் வடக்கு 43.6772, மேற்கு 79.6306. இரண்டு அகலாங்குகளின் சைன்களையும் பெருக்குங்கள்: 0.1701 × 0.6906 = 0.1175. அடுத்து இரண்டு அகலாங்குகளின் கோசைன்களையும் நெட்டாங்கு வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குங்கள். ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் வித்தியாசம் 159.7007 பாகை, அதன் கோசைன் −0.9379. ஆகவே 0.9854 × 0.7232 × −0.9379 = −0.6684. இரண்டு பெறுபேறுகளையும் கூட்டினால் −0.5509. எந்தக் கோணத்தின் கோசைன் அது என்று நேர்மாறு கோசைனால் கண்டால் 123.43 பாகை. பெருவட்டத்தில் ஒரு பாகை 111.195 கிலோமீற்றர். பெருக்கினால் 13,725.

இணையத்தில் தேடுபவர்கள் இதற்குப் பதிலாக ஹாவர்சைன் சூத்திரத்தைக் காண்பார்கள். அந்தப் பெயரை ஜேம்ஸ் இன்மன் 1835இல் கடலோடிகளுக்கான நூலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மிகக் கிட்டவான இரண்டு இடங்களுக்குக் கோசைன் ஏறக்குறைய 1 ஆகிவிடும், சில தசமதானங்களே உள்ள அட்டவணையில் வித்தியாசம் தொலைந்துபோகும். ஹாவர்சைன் அந்தக் குறையைத் தீர்த்தது. தூர தேசத்து விமான நிலையங்களுக்கு, இன்றைய கணிப்பானில், இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். எது உங்களுக்கு விளங்குகிறதோ அதை எடுங்கள்.

சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது சூத்திரம் அல்ல, உள்ளே போடும் எண்கள். மேற்கு நெட்டாங்குக்குக் கழித்தல் குறி போட மறப்பதே மிகப் பொதுவான பிழை. எங்கள் ஊருக்கு இது விசேடமான பொறி, ஏனென்றால் பலாலி கிழக்கு 80, ரொறன்ரோ மேற்கு 80. குறியை விட்டுவிட்டால் கணக்கு ரொறன்ரோவைக் கிழக்குக் கசகஸ்தானில் கொண்டுபோய் வைத்து, தூரம் 3,770 கிலோமீற்றர் என்று நம்பிக்கையோடு சொல்லும். அடுத்தது பாகையும் கலையும். 9 பாகை 47 கலை என்பது 9.47 அல்ல. 47ஐ 60ஆல் வகுத்து 9.78 என்று எழுத வேண்டும். பிறகு, கணிப்பான் பாகையில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் சரிபார்த்தவருக்கு வேறு பெரிய அபாயம் இல்லை.

இனி பூமி சரியான கோளம் அல்லவே என்ற கேள்வி. மத்தியகோட்டில் ஆரை 6,378.137 கிலோமீற்றர், துருவத்தில் 6,356.752. இந்தத் தட்டையை எடுத்துக்கொண்டு கணிக்கும் முறையைத் தடேயஸ் வின்சென்ரி 1975இல் கொடுத்தார். சாள்ஸ் கார்னி 2013இல் அதைவிட நுட்பமான, எந்த இரண்டு புள்ளிக்கும் விடை தரும் முறையை வெளியிட்டார். வின்சென்ரியின் முறை பூமியின் ஏறக்குறைய நேர் எதிர்ப்பக்கங்களில் உள்ள இரண்டு இடங்களுக்கு விடைகாணாமல் சுற்றிக்கொண்டிருக்கும். பலாலியின் நேர் எதிர்ப்பக்கம் கிழக்குப் பசிபிக் கடல், அங்கே விமான நிலையம் ஏதும் இல்லை, ஆகவே எங்களுக்கு அந்தக் கவலை கிடையாது.

கோளமா தட்டைக் கோளமா என்பதில் எவ்வளவு வித்தியாசம் வரும்? வேடிக்கையாக, அது நன்றாகத் தெரிவது பக்கத்தில் உள்ள சென்னைக்குத்தான். பலாலி–சென்னை கோளக் கணக்கில் 356, தட்டையைச் சேர்த்தால் 354. மத்தியகோட்டுக்குக் கிட்ட வடக்குத் தெற்காகப் போகும் வழியில் ஒரு பாகை 110.6 கிலோமீற்றர்தான் இருக்கும், சராசரிக் கோளமோ 111.2 என்று எடுத்துக்கொள்கிறது. அரை வீத வித்தியாசம். வேறு திசைகளிலும் வேறு அகலாங்குகளிலும் இது இரண்டு பக்கமும் மாறும், ஆனால் பெரும்பாலும் இந்த அரை வீதத்துக்குள் அடங்கும். மென்பொருள் எழுதும் மாணவர்கள் மட்டும் தொடக்கத்திலேயே நுட்பமான முறையை எடுத்துக்கொள்ளுங்கள். பைதனில் ஜியோபை நூலகம் கார்னியின் முறையை ஆயத்தமாகத் தருகிறது, உழைப்பு ஒரு வரிதான். மற்றவர்களுக்குக் கோளமே தாராளம்.

கணக்கே போட விருப்பமில்லாதவர்களுக்கு இணையக் கருவிகள் உண்டு. என் தெரிவு கிரேட் சேர்க்கிள் மப்பர். விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீட்டைக் கோடிட்டு அடுத்தடுத்து எழுதினால் பாதையையும் தூரத்தையும் காட்டும். இடைத்தங்கல்களையும் இடையில் சேர்க்கலாம், அது கூட்டியும் தரும். இதுதான் அதன் பெரிய பலம். கூகுள் வரைபடத்திலும் தூரத்தை அளக்கும் வசதி இருக்கிறது. அதுவும் வளைந்த குறுகிய வழியைத்தான் அளக்கிறது, நேர்கோட்டை அல்ல. ஆனால் புள்ளியை நீங்களே கையால் வைக்க வேண்டும், யாழ் நகரில் வைத்தீர்களா பலாலியில் வைத்தீர்களா என்பது உங்கள் பொறுப்பு. ஓடுபாதையின் எந்த முனை என்பதெல்லாம் இந்தத் தூரத்தில் பொருட்டல்ல.

கருவியில் ஊர்ப் பெயரைத் தட்டச்சுச் செய்வதைத் தவிர்த்துக் குறியீட்டையே எழுதுங்கள் என்று வற்புறுத்துவேன். லண்டன் என்று எழுதினால் சில இடங்களில் ஒன்ராரியோவில் உள்ள லண்டனும் வரும். அங்கேயும் விமான நிலையம் இருக்கிறது, அங்கேயும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், ஆகவே அந்த விடை பிழையென்று முதலில் தோன்றாமலே போகலாம். இங்கிலாந்து லண்டனிலும் ஹீத்ரோ, கற்விக், ஸ்ரான்ஸ்ரெட் என்று பல நிலையங்கள்.

இன்னொரு குழப்பம் அலகு. 13,725 கிலோமீற்றர் என்பது தரை மைலில் 8,528, கடல் மைலில் 7,411. கடல் மைல் 1,852 மீற்றர், தரை மைல் 1,609 மீற்றர். விமானிகள் கடல் மைலில் பேசுவார்கள், விமான நிறுவனங்களின் புள்ளித் திட்டங்கள் பெரும்பாலும் தரை மைலில் பேசும். வெறுமனே மைல் என்று எழுதியிருந்தால் எது என்று பார்க்காமல் கிலோமீற்றருக்கு மாற்ற வேண்டாம்.

இனி ரிக்கற் எடுப்பவரின் கேள்விக்கு வருவோம். இதில்தான் அதிகம் நின்று பேச விரும்புகிறேன்.

பலாலியிலிருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் இல்லை. 2019 ஒக்ரோபர் 17ஆம் திகதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது வந்த முதல் சேவை சென்னையிலிருந்து. இன்றும் இங்கிருந்து வெளிநாடு என்றால் முதலில் இந்தியாதான். ஆகவே 13,725 என்ற எண் யாரும் பறக்காத பாதையின் நீளம். பயணியின் தூரம் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே கணித்துக் கூட்டினால்தான் வரும்.

பலாலி–சென்னை 356, சென்னை–ஹீத்ரோ 8,235, ஹீத்ரோ–ரொறன்ரோ 5,707. மொத்தம் 14,298. நேர்த்தூரத்தைவிட 573 கிலோமீற்றர்தான் கூட. சென்னையும் லண்டனும் சுற்றுவழி போலத் தோன்றினாலும் பெருவட்டத்திலிருந்து அதிகம் விலகவில்லை என்பதை இது காட்டுகிறது.

கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து போவதென்றால்? கொழும்பு–ஹீத்ரோ 8,715, அதோடு 5,707, மொத்தம் 14,422. கொழும்பு–டோகா–ரொறன்ரோ என்றால் 3,612உம் 10,878உம் சேர்ந்து 14,490. டோகா வழியாகப் போவது வளைந்து போவது என்றும் லண்டன் வழி நேரானது என்றும் பலர் நம்புகிறார்கள். வித்தியாசம் வெறும் 68 கிலோமீற்றர். மூன்று வழிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் மிகக் கூடியதுக்கும் மிகக் குறைந்ததுக்கும் இடையே 192 கிலோமீற்றர். ஜெற் விமானத்துக்கு அது கால் மணித்தியாலம்கூட இல்லை.

ஆகவே இந்த மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்பவர் தூரத்தை அளவுகோலாக வைப்பதில் பயனில்லை. பார்க்க வேண்டியவை வேறு. கட்டுநாயக்கா வழி என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து தரைவழியாக 350 கிலோமீற்றருக்கு மேல் இரவுப் பயணம் முன்னால் நிற்கிறது. வானில் நேர்த்தூரம் 291 என்று வரைபடம் சொன்னாலும் பஸ்ஸில் இருக்கும் வயதானவருக்கு அந்த எண்ணால் ஆறுதல் இல்லை. சென்னை வழி என்றால் இரண்டும் ஒரே ரிக்கற்றா தனித்தனியா என்பது முதல் கேள்வி. தனித்தனி என்றால் சென்னையில் பொதியை எடுத்து மறுபடி ஏற்ற வேண்டிவரும், அதற்கு இந்திய வீசா தேவைப்படலாம். சென்னைக்குப் பறக்கும் சிறிய ஏரிஆர் (விசிறி எஞ்சின்) விமானத்தில் எவ்வளவு பொதி கொண்டுபோகலாம் என்பதும் பெரிய விமானத்தில் உள்ளதுபோல இராது. லண்டன் வழி என்றால் பிரித்தானியாவின் இடைத்தங்கல் வீசா விதியைப் பார்க்க வேண்டும். அம்மாவையோ அப்பாவையோ தனியாக அனுப்புபவர்கள் இதையும், இடைத்தங்கல் எத்தனை மணித்தியாலம், எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும் என்பதையும் எழுதி ஒப்பிடட்டும். என்னைக் கேட்டால், முழங்கால் வலி உள்ள ஒருவருக்கு ஒரு தடவை குறைவாக மாறும் வழி, 500 கிலோமீற்றர் கூடியதாக இருந்தாலும், நல்ல வழி.

பறக்கும் நேரத்தையும் தூரத்தை வேகத்தால் வகுத்துக் கண்டுவிட முடியாது. உயரத்தில் வீசும் ஜெற் காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது, அதனால் கனடாவுக்குப் போகும் பயணம் திரும்பி வரும் பயணத்தைவிட நீளும். சென்னை 356 கிலோமீற்றர்தானே, அரை மணித்தியாலத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போடுபவர் விசிறி எஞ்சின் விமானத்தின் வேகம் ஜெற் விமானத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் என்பதையும், ஏறவும் இறங்கவும் போகும் நேரத்தையும் மறந்துவிடுகிறார். நேரம் வேண்டுமென்றால் கால அட்டவணையைப் பாருங்கள். அதில் இவை எல்லாம் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன.

உண்மையில் விமானம் எந்தப் பாதையில் எவ்வளவு பறந்தது என்பது மூன்றாவது வகைத் தூரம். ஃபிளைட்ராடார்24 போன்ற தளங்களில் குறிப்பிட்ட நாளின் பாதையை அப்படியே காணலாம். அது பெருவட்டத்தைவிடக் கூடியதாகவே இருக்கும், நாளுக்கு நாள் மாறவும் செய்யும். காரணங்கள் பல. பலாலி–ரொறன்ரோ பெருவட்டம் ரஷ்யாவின் மேலால் போகிறது என்று சொன்னேன். 2022 பெப்ரவரியிலிருந்து கனடிய, பிரித்தானிய, ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்கள் ரஷ்ய வான்பரப்பைப் பயன்படுத்த முடியாது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்பரப்பை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டில்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் சுற்றிப் போக நேர்ந்தது. போர் மூண்டால் ஒரே இரவில் பாதை மாறும். வட அத்திலாந்திக்கின் மேல் அன்றைய காற்றைப் பார்த்து நாள்தோறும் புதிதாகத் தடங்கள் வகுக்கிறார்கள். ஹீத்ரோவில் இறங்க இடம் கிடைக்கும்வரை பொவிங்டன், லம்போர்ன், ஒக்கம், பிக்கின் என்ற நான்கு காத்திருப்பு இடங்களில் ஒன்றின் மேல் வட்டமடிக்க வேண்டியும் வரலாம். அந்த வட்டங்களும் கிலோமீற்றர்தான்.

இந்த வகைத் தூரம் எரிபொருள் ஆய்வு செய்பவருக்கு உகந்தது. மற்றவர்கள் இதை ஒப்பீட்டுக்கு எடுத்தால் ஒரு நாளின் காற்றையும் நெரிசலையும் வழியின் இயல்பு என்று எண்ணிவிடுவார்கள்.

காபன் கணக்குப் போடும் மாணவருக்கு இடைப்பட்ட ஒரு வழி இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் கணிப்பு முறை பெருவட்டத் தூரத்தை எடுத்து, சுற்றிப் பறப்பதற்காக ஒரு நிலையான அளவைக் கூட்டுகிறது: 550 கிலோமீற்றருக்குக் குறைந்த கட்டத்துக்கு 50, 550 முதல் 5,500 வரை 100, அதற்கு மேல் 125. எங்கள் சென்னை–லண்டன் வழியில் முதல் கட்டத்துக்கு 50, மற்ற இரண்டுக்கும் 125 வீதம், ஆகக் கூட்ட வேண்டியது 300. மொத்தம் 14,598. அதே மாணவர் பலாலி–ரொறன்ரோவை ஒரே கட்டமாக எடுத்திருந்தால் 13,850தான் வரும், ஏறக்குறைய 750 கிலோமீற்றர் கணக்கில் விழாமல் போகும். ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் மேலெழும்பும் எரிபொருள் வேறு தனியாக இருக்கிறது, ஆகவே கட்டங்களைப் பிரித்தே போட வேண்டும். எந்த முறையைப் பின்பற்றினேன் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டால் இன்னொருவர் அதைச் சரிபார்க்கலாம்.

புள்ளித் திட்டத்தில் மைல் சேர்ப்பவர்கள் சொந்தக் கணக்கில் நேரம் செலவிட வேண்டாம். நிறுவனங்கள் தங்கள் பட்டியலில் உள்ள தூரத்தைத்தான் எடுக்கும், பல நிறுவனங்கள் இப்போது கட்டிய பணத்துக்கே புள்ளி தருகின்றன.

இழப்பீட்டில் மட்டும் கணக்கு முறை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் இலக்க ஒழுங்குவிதி, தூரம் பெருவட்ட முறையில் அளக்கப்பட வேண்டும் என்று சொல்கிறது. 1,500 கிலோமீற்றர் வரை 250 யூரோ, ஒன்றியத்துக்கு வெளியே போகும் பயணங்களில் 3,500 வரை 400, அதற்கு மேல் 600 என்பது அதன் படிநிலை. ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் இது பொருந்தும். இங்கிருந்து அங்கே போகும்போது ஒன்றியத்து நிறுவனத்தின் விமானமாக இருந்தால் மட்டும். நிறுவனத்தின் கைக்கு மீறிய அசாதாரண காரணம் என்றால் இழப்பீடு இல்லை. 600 யூரோப் படியில் தாமதம் நான்கு மணித்தியாலத்துக்குக் குறைந்தால் தொகை பாதியாகலாம்.

இங்கே நம்மவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பேர்லினிலிருந்து பரிஸ் வழியாகக் கொழும்புக்கு ஒரே பதிவில் ரிக்கற் எடுத்தவரை வைத்துப் பார்ப்போம். பேர்லின்–பரிஸ் விமானம் பிந்தியதால் அடுத்த விமானத்தைத் தவறவிட்டு, கொழும்புக்குப் பல மணித்தியாலம் தாமதமாக வந்து சேர்கிறார். பிந்தியது 850 கிலோமீற்றர்க் கட்டம்தானே, 250 யூரோதான் என்று அவர் நினைத்துவிடக்கூடாது. கணக்கில் வருவது முதல் புறப்பட்ட இடத்துக்கும் கடைசியாகச் சேரும் இடத்துக்கும் இடையிலான தூரம், பேர்லின்–கொழும்பு சுமார் 7,785 கிலோமீற்றர், ஆகவே 600 யூரோப் படி. மறுபக்கமும் உண்டு: 2017இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ரோம்–பிரசல்ஸ்–ஹம்பேர்க் வழக்கு ஒன்றில், கட்டங்களைக் கூட்டிய தூரத்தை எடுக்க முடியாது, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான பெருவட்டத் தூரமே செல்லும் என்று தீர்ப்பளித்தது. காபன் கணக்கில் கட்டங்களைக் கூட்டாமல் விடுவது பிழை என்றால், இழப்பீட்டில் கூட்டுவது பிழை.

விண்ணப்பம் எழுதும்போது முதல், கடைசி விமான நிலையங்களின் குறியீடுகளைப் போட்டு எடுத்த பெருவட்ட வரைபடத்தை, தூரம் கிலோமீற்றரில் தெரியும்படி, ரிக்கற் பிரதியோடும் ஏறுமட்டைகளோடும் இணைத்து அனுப்புங்கள். ஏறுமட்டையைப் பயணம் முடிந்ததும் எறிந்துவிட வேண்டாம் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.